தேதி கொடுத்தவர்

மார்ச் 4

திட்ட அட்டவணைப் பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

'அன்புள்ள அண்ணி' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. அதனால் உங்கள் பதவியின் பெயரிலேயே தொடங்குகிறேன்.

போன் செய்யாதீர்கள், எடுக்கமாட்டேன். எடுத்தால் உங்கள் குரலைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் "சாப்ட்டீங்களா அண்ணி" என்று கேட்டுவிடுவேன். அப்புறம் எங்கே கோபப்படுவது? ஆபீஸ் மெயிலை இப்போது ஊரே படிக்கிறது. அதனால்தான் தாளும் பேனாவும்.

நேற்று விசாரணை அறையில் நீங்கள் எனக்கு நாலாவது நாற்காலியில் இருந்தீர்கள். ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்தவனை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கவில்லை. கீபோர்டில் எழுத்துகள் அழிந்திருக்கின்றனவா என்று எண்ணுகிற மாதிரி குனிந்தே இருந்தீர்கள். சுவரில் ஆன்லைன் அட்டவணையைப் பெரிதாகப் போட்டார்கள். வேலை எண் 118. பேருந்துப் பணிமனை, மூன்றாம் பகுதி மேல்தளம், முட்டு பிரித்தல். தேதி பிப்ரவரி 20. அதற்கு எதிரே 'தேதி கொடுத்தவர்' என்று ஒரு கட்டம். அதில் 'தளப் பொறியாளர்'.

தளப் பொறியாளர் நான்தான். அந்தத் தேதியைக் கொடுத்தது நானில்லை. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவர்களில் நீங்களும் ஒருவர்.

அந்தக் கட்டத்தை எனக்காகவே நீங்கள் உண்டாக்கினீர்கள். போன வருஷம் ஜன்னல் சட்டங்கள் தாமதமாக வந்ததற்கு என் தலையை உருட்டினார்களே, அப்போது. "இனிமே ஒவ்வொரு வேலைக்கும் எதிர்ல, தேதி யார் சொன்னதுன்னு ஒரு ஃபீல்டு போட்டு வெச்சுக்கறேன் தம்பி. என் டெஸ்க்டாப் ஃபைல்ல மட்டும் இருக்கும், ஆன்லைனுக்குப் போகாது" என்றீர்கள். யாராவது எட்டிப் பார்த்தாலும் புரியக் கூடாது என்று பெயர்களும் நாமே வைத்தோம். கெஞ்சினால்தான் வருகிற சென்ட்ரிங் ஒப்பந்தக்காரர் 'மாப்பிள்ளை'. கட்டடத்தின் சொந்தக்காரர் 'சம்பந்தி'. எதைச் செய்தாலும் குறை கண்டுபிடிக்கும் நம் இயக்குநர் 'மாமியார்'. நான் 'தம்பி'. மழைக்குக்கூட 'மேலே இருக்கிறவர்' என்று வைத்தோம்.

மூன்றாம் பகுதிக்கு கான்கிரீட் போட்டது பிப்ரவரி 8. தளத்தைத் தாங்கும் முட்டுகளை இருபத்தொரு நாளைக்குத் தொடக்கூடாது என்றேன். அண்ணன் போன் செய்தார்: "இருபதாம் தேதி பிரிக்கணும்னு இயக்குநர் சொல்லிட்டார்டா. ஒப்பந்தப் பிரிவுலேர்ந்து நான் சொல்றேன், பிரிச்சுடு." எழுத்தில் கொடுங்கள் என்றேன். வரவில்லை. அன்று மாலையே உங்களைக் கூப்பிட்டு, "118க்கு மாமியார்னு போடுங்க அண்ணி" என்றேன். போட்டுவிட்டு வாசித்தும் காட்டினீர்கள். பின்னாலிருந்து அண்ணன் "யாரு மாமியார்?" என்று கேட்டதும், நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னதும் என் காதில் விழுந்தது.

பிரித்தது என் கண்ணெதிரில். எழுத்தில் வராததைச் செய்யவிட்டது என் தப்பு, அதற்கு என்ன தண்டனையோ கொடுக்கட்டும். அன்றே தளம் தொய்ந்து விழுந்ததில் கம்பி கட்டுகிறவருக்கு கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. அந்தத் தேதியைச் சொன்னவன் நான் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

திரையில் மேலே தள்ளிக்கொண்டே போனார்கள். அந்தக் கட்டம் நிரப்பிய 42 வரியிலும் நான். வேலை எண் 61, மழையால் நாலு நாள் நின்றது. தேதி கொடுத்தவர்: தளப் பொறியாளர். மழையையும் நான்தான் பெய்யவைத்தேன் போலிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் ஒருவர்தான் ஆறுதல். கீழே அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். "நான் பாத்துக்கறேன்டா, நீ எதுவும் பேசாத" என்றார். நீங்கள் எப்போது கிளம்பிப் போனீர்கள் என்றே தெரியவில்லை.

இப்படிக்கு,
தளப் பொறியாளர் (இடைநீக்கத்தில்)


மார்ச் 8

அன்புள்ள தம்பி,

நீ எப்படித் தொடங்கினாலும் நான் இப்படித்தான் தொடங்குவேன்.

உன் கடிதத்தை ஆபீஸ் முகவரிக்கு அனுப்பியிருக்கிறாய். நல்லவேளை, தபால் பிரிக்கிறவர் கவரோடு நேராக என் மேஜைக்கு வந்துவிட்டார். இனி வீட்டுக்கு எழுதாதே, ஆபீஸுக்கும் எழுதாதே. என் தையல் டீச்சர் முகவரியை இதோடு தனித் துண்டில் வைத்திருக்கிறேன்.

நீ நினைப்பதுபோல யாரும் உட்கார்ந்து எதையும் மாற்றவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படி. என் டெஸ்க்டாப்பில் இருக்கும் அட்டவணை வேறு, ஆன்லைனில் இருப்பது வேறு. டெஸ்க்டாப்பில் நான் எந்த ஃபீல்டையும் சேர்த்து என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆன்லைனில் அப்படி முடியாது, ஆபீஸ் ஒப்புக்கொண்ட பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். 'தேதி கொடுத்தவர்' என்பதற்கு அங்கே மூன்றே பெயர்கள்: தளப் பொறியாளர், ஒப்பந்தக்காரர், உரிமையாளர். இயக்குநர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் இருக்கமாட்டார் என்று உனக்கே தெரியும். அந்த ஃபீல்டும் ஆன்லைனுக்குப் போகவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சிங்க் செய்தபோது, அதாவது இரண்டு அட்டவணையையும் ஒன்றாக்கியபோது, பட்டியலில் இல்லாத சொற்களுக்குப் பதிலாக முதல் பெயர் விழுந்துவிட்டது. நாம் வைத்த செல்லப்பெயர் ஒன்றுகூடப் பட்டியலில் கிடையாதே. அதனால்தான் எல்லா இடத்திலும் நீ. மெஷின் செய்ததற்கு மனுஷி மேல் கோபப்பட்டால் எப்படி?

ஆன்லைனில் இருப்பதே திரும்ப டெஸ்க்டாப்புக்கும் இறங்கிவிடும். அதனால் பழைய சொற்கள் இப்போது என்னிடமும் இல்லை. இருந்தால் கொடுக்காமலா இருப்பேன்?

விசாரணையில் நான் பேசியிருக்கலாம் என்கிறாய். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. திரையை ஓட்டத்தான் கூப்பிட்டார்கள்.

ஒன்று மட்டும். இதைப் பற்றி உன் அண்ணனிடம் எதுவும் கேட்டுவிடாதே. அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம். மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். வீட்டில் வாஷிங் மெஷினும் ரிப்பேர். ஒன்றுமே சரியில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 13

பொறுப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'விழுந்துவிட்டது', 'போகவேண்டும் என்று வந்தது', 'இறங்கிவிடும்'. எதையும் யாரும் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்திருக்கிறது. நம் மூன்றாம் பகுதித் தளம்கூடத் தானாகத்தான் விழுந்தது என்று எழுதிவிடலாம்.

மழை வரிதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தளத்து லேப்டாப் இன்னும் என் அறையில்தான் இருக்கிறது, திருப்பிக் கேட்க யாரும் வரவில்லை. அதில் அதே மென்பொருள். நானே ஒரு சோதனை அட்டவணை செய்தேன். பத்து வேலை. எதிரே ஒரு ஃபீல்டு. அதில் மாமியார், மாப்பிள்ளை, சம்பந்தி எல்லோரையும் உட்காரவைத்து, ஆன்லைனில் அந்த மூன்று பெயர் பட்டியலையும் கொடுத்து, சிங்க் அழுத்தினேன்.

மெஷின் நின்றது. ஒரு பெட்டி வந்தது.

'பட்டியலில் இல்லாத சொற்கள் 10 உள்ளன. என்ன செய்யட்டும்?' கீழே மூன்று பொத்தான்கள். நிறுத்து. காலியாக விடு. பட்டியலின் முதல் பெயரைப் போடு.

கேட்கிறது அண்ணி. கேட்டுவிட்டுத்தான் செய்கிறது. அதுவும் மூன்றாவது பொத்தானை அழுத்தினால் 'நிச்சயமாகவா' என்று இன்னொருமுறை கேட்கிறது. உங்களிடம் 42 சொற்கள் என்று கேட்டிருக்கும். நிறுத்தியிருக்கலாம். காலியாக விட்டிருந்தால்கூட நான் காலியாகாமல் தப்பியிருப்பேன். நீங்கள் என் பெயரைப் போடு என்று சொல்லியிருக்கிறீர்கள், இரண்டு முறை.

பழைய சொற்கள் இல்லை என்கிறீர்கள். ஊறுகாய் பாட்டிலுக்குக்கூட இரண்டு மூடி வைத்திருப்பவர் நீங்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஃபைலை பென் டிரைவில் நகல் எடுத்து ஊசிநூல் டப்பாவில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கிண்டல் செய்ததும் நான்தான்.

ஒரே ஒரு கேள்வி. சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள். அந்தப் பெட்டி உங்களிடம் கேட்டது தளம் விழுவதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் கவனக்குறைவு என்று நினைத்துக்கொள்வேன். எப்படியாவது நினைத்துக்கொள்வேன்.

அண்ணன் தினமும் போன் செய்கிறார். நான் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் எச்சரிக்கையோடு முடித்துவிடுவார்கள் என்கிறார். கொடுக்காவிட்டால் இனி எந்தக் கட்டடத்திலும் கையெழுத்துப் போடும் உரிமை போய்விடுமாம். யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
பட்டியலின் முதல் பெயர்


மார்ச் 18

தம்பி,

பின்பு. மறுநாள் காலை, பிப்ரவரி 21.

இந்த ஒரு சொல்லை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. இப்போது மீதியையும் எழுதிவிடுகிறேன், இடையில் நிறுத்தினால் பிறகு எழுதமாட்டேன்.

அந்த ஃபீல்டு இருப்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்தவர் உன் அண்ணன். தளம் விழுந்த அன்று சாயங்காலம் அவர் இயக்குநர் அறைக்குப் போனார். போய், "என் மனைவி யார் யார் தேதி சொன்னதுன்னு ஒரு ரெக்கார்டு வெச்சிருக்கா சார்" என்று அவரே சொல்லியிருக்கிறார். மறுநாள் ஆபீஸுக்குப் போகும்போது காரில் என்னிடம் சொன்னார். "இன்னைக்கு இயக்குநர் உன் சீட்டுக்கு வருவார். என்ன சொன்னாலும் சரிங்க சார்னு சொல்லு. அந்தத் தேதிய நான்தானே போன்ல சொன்னேன். அவர் மாட்டினா நானும் மாட்டுவேன்." நான் உன் பெயரைச் சொன்னேன். "அவன் சின்னவன். எங்க போனாலும் பொழச்சுக்குவான். இந்த வயசுல என்னை யாரு எடுப்பா?" என்றார். சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் இதைச் சொன்னார். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பத்தரைக்கு இயக்குநர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அந்த ஃபீல்டையும் ஆன்லைனுக்குக் கொண்டு வந்துடுங்கம்மா. எல்லாம் வெளிப்படையா இருக்கட்டும்." டெஸ்க்டாப், ஆன்லைன் இரண்டு பக்கத்து ஃபீல்டையும் நான் இணைத்தேன். பெட்டி வந்தது. அதை நான் வாய்விட்டு வாசித்தேன் தம்பி, ஒருவேளை அவருக்கே கூச்சம் வந்து நிறுத்தச் சொல்வார் என்று. "முதல் பேரையே போட்டுடுங்க" என்றார். நிச்சயமாகவா என்று மறுபடி வந்ததையும் வாசித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அழுத்தினேன். விரல் என்னுடையதுதான்.

நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது நான் இந்த வீட்டுக்கு வந்தேன். முதல் நாள் என்னிடம் பேசிய ஒரே ஆள் நீதான். மார்க் ஷீட்டை அண்ணனிடம் காட்டப் பயந்து என்னிடம் கையெழுத்து வாங்கினாய். அதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அழுத்தினேன். நினைத்தும் அழுத்தினேன்.

பென் டிரைவ் ஊசிநூல் டப்பாவில்தான் இருக்கிறது. பிப்ரவரி 20 மாலை எடுத்த நகல். 118க்கு எதிரே மாமியார் அப்படியே இருக்கிறார்.

உன் அண்ணன் கொண்டுவரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. இந்த ஒன்றையாவது கேள்.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அண்ணன் 19ஆம் தேதியே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, பழமெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். என் அறையில் ஒரே ஒரு நாற்காலி, அதில் துணி கிடந்தது. அவரே எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். காகிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. 'பிப்ரவரி 20 என்ற தேதியை நானே கொடுத்தேன்.' நான், "நீங்க படிச்சுப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டேன். "வரிக்கு வரி படிச்சேன்டா. உனக்கு நல்லதுதான், போடு" என்றார். பேனாவையும் அவரே மூடி கழற்றிக் கொடுத்தார். போட்டேன்.

பெட்டி எனக்கு வரவில்லை அண்ணி. நிச்சயமாகவா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பி கட்டுகிறவர் காலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். "உக்காருங்க சார்" என்றார். பிறகு, "பிரிக்கச் சொன்னது யாரு சார்? பதினாலு வருஷமா கம்பி கட்டறேன். பன்னெண்டு நாள்ல பிரிச்சு நான் பாத்ததில்ல. அது யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார். கையெழுத்துப் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. நான்தான் என்று சொன்னேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பென் டிரைவை விசாரணையில் கொடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. அதைத் திறந்தால் மாமியாரும் மாப்பிள்ளையும்தான் இருப்பார்கள். யார் யார் என்று சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் கிடையாது. நான் சொன்னால் தப்பிக்கக் கதை கட்டுகிறான் என்பார்கள். கெட்டிக்காரத்தனமாகப் பெயர் வைத்தோம், அதுவே இப்போது நம் வாயை அடைக்கிறது.

அந்த மனிதர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். எனக்காக வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரரின் தம்பி


மார்ச் 29

தம்பி,

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப்போட்டாலும் பரவாயில்லை, முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நேற்று முன்தினம் இரண்டாவது விசாரணை. நீ ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டதால் உன்னைக் கூப்பிடவில்லை. பென் டிரைவைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். உன் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இயக்குநர் தண்ணீர் குடித்தார். திறந்தார்கள். வெளியிலிருந்து வந்திருந்த அந்த அம்மா, விசாரணை அதிகாரி, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார். "118க்கு எதிரே மாமியார்னு இருக்கே. யாரும்மா மாமியார்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அண்ணன் முந்திக்கொண்டார். "அது எங்க வீட்டு விஷயம் மேடம். மருமக கோவத்த ஃபைல்ல காட்டியிருக்கா." அறையே சிரித்தது. இயக்குநரும் சிரித்தார்.

நானும் சிரித்தேன் தம்பி. எல்லோரும் சிரிக்கும்போது முகம் தானாக அப்படிப் போனது. இல்லை, தானாக இல்லை. அந்தச் சொல்லை இனி எழுதமாட்டேன் என்று நினைத்திருந்தேன். நான் சிரித்தேன். அதிகாரி பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

கழிப்பறையில் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. தையல் டீச்சர் வீட்டில் உட்கார்ந்து 42 வரியையும் கையால் எழுதினேன். வேலை எண், தேதி, நாம் வைத்த பெயர், உண்மையான ஆள். 61க்கு எதிரே மழை என்று எழுதி, 'இதையும் ஆன்லைன் தளப் பொறியாளர் என்று காட்டுகிறது, தயவுசெய்து சரிபார்க்கவும்' என்று அடிக்கோடு போட்டேன். மழைக்குத் தேதி கொடுக்க எந்தப் பொறியாளராலும் முடியாது, அதை யாரும் சிரித்துத் தள்ள முடியாது. 118க்கு இப்படி எழுதினேன்: 'தேதி கொடுத்தவர், இயக்குநர். போனில் சொன்னவர், என் கணவர். சிங்க் செய்து மாற்றியவர், நான்.' கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நகல். ஒன்றை இன்று காலை அதிகாரியின் கையிலேயே கொடுத்து ரசீது வாங்கினேன். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, கம்பி கட்டுகிறவர் பெயருக்குத் தபாலில் போயிருக்கிறது. மூன்றாவது இதோடு. கொடுத்த பிறகுதான் உனக்கு எழுதுகிறேன். கொடுப்பதற்கு முன்னால் எழுதியிருந்தால் நானே என்னை நம்பியிருக்கமாட்டேன்.

நான் இப்போது டீச்சர் வீட்டு மாடியில் இருக்கிறேன். உன் அண்ணனுக்கு இந்த இடம் தெரியும். இதுவரை வரவில்லை. உன்னிடம்தான் வருவார் என்று நினைக்கிறேன்.

அண்ணி என்று கையெழுத்துப் போட இப்போது எனக்கும் கை வரவில்லை.


ஏப்ரல் 4

அண்ணி,

இப்படி எழுதியதால் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சிரித்ததை எழுதிய பக்கத்தை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மழை வரியைப் பார்த்துவிட்டு சிங்க் விவரம் முழுவதையும் கேட்டு வாங்கினார்களாம். 42 வரியும் பிப்ரவரி 21, பத்து நாற்பத்திரண்டுக்கு, ஒரே நொடியில் மாறியிருக்கின்றன. என் ஒப்புதல் கடிதத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். 16ஆம் தேதி எல்லோரும் மறுபடி வர வேண்டும். உங்களுக்கும் வந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள் தாளைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தார். 118ஐ விரல் வைத்துப் படித்துக் காட்டினார். "அன்னைக்கு ஏன் சார் நீங்கன்னு சொன்னீங்க?" என்றார். தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். பிறகு அவரே, "இந்த அம்மாவோட வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். கூடப் பிறந்தவர் என்றேன். அவர் தாளை மடித்து மறுபடி தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அடிபட்டவர் என்னைத் தேற்றும்படி ஆகிவிட்டது.

நேற்றுக் காலை அவன் வந்தான். இத்தனை வருஷமும் அவர் என்று எழுதிய கை இது, இனி முடியாது. படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து கேட்டது. கதவைத் தட்டினான். நான் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தேன். மறுபடி தட்டினான். எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டார். என் தம்பிதான் என்று அவன் சொன்னது கேட்டது. பிறகு கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "டேய், கதவத் தெற. நான்தான்டா" என்றான்.

"தெரியுது" என்றேன்.

யாரென்று தெரியாத ஆளாக இருந்திருந்தால் திறந்திருப்பேன்.